தோலில் சின்ன எழுத்தைக் கருகாமல் லேசரில் பொறிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்ஸின் மூலையில் ஒரு பெயர், பெல்ட்டின் உட்புறம் ஒரு தேதி, சாவிக்கொத்துத் தோலில் ஒரு வரி. பெரிய படங்களை அழகாகப் பொறிக்கும் அதே மெஷின், எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் சுற்றிலும் பழுப்பு நிழலையும் நடுவில் கரியையும் விட்டுவிட்டுப் போகும். இந்த வேலையைப் பழகும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரையில் கோளாறு பெரும்பாலும் லேசரின் வலுவில் இல்லை. சூடு ஒரே இடத்தில் தங்குவதுதான் கோளாறு.

பெரிய எழுத்து நன்றாக வருகிறது. அதே செட்டிங்கில் சின்ன எழுத்து மட்டும் ஏன் கருகுகிறது?

லேசர் தலை இடவலமாக ஓடி, ஒரு கோட்டுக்கு அடுத்து இன்னொரு கோடாக எழுத்தை நிரப்புகிறது. 150 மி.மீ. அகலமான படத்தை வினாடிக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், ஒரு கோடு முடிய அரை வினாடி ஆகும். ஒரு புள்ளி சுட்ட பிறகு அதன் பக்கத்துப் புள்ளிக்கு லேசர் திரும்பி வருவதற்குள் தோலுக்கு ஆற நேரம் கிடைக்கிறது. 15 மி.மீ. அகலமுள்ள ஒரு பெயரை அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு கோடு 0.05 வினாடியில் முடிந்துவிடும். தலை திரும்பும் நேரத்தைச் சேர்த்தாலும் தோல் ஆறுவதற்கு முன்பே அடுத்த கோடு ஒட்டி விழுகிறது. பத்து இருபது கோடுகளின் சூடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது.

இதற்கு மிக எளிய மருந்து, பல துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒரே வேலையாக ஓட்டுவதுதான். பத்துத் துண்டுகளை ஒரு வரிசையில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆறும் நேரம் கிடைக்கும். மென்பொருளில் எல்லா வடிவங்களையும் ஒன்றாக நிரப்பும் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிக்கும் அமைப்பில் இருந்தால் பயனில்லை. ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது என்றால், பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு கழிவுத் தோலை வைத்து, அதில் எழுத்தின் அதே உயரத்துக்கு ஒரு மெல்லிய செங்குத்துக் கோட்டையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் தலை அதுவரை போய்த் திரும்பியாக வேண்டும். பவரைத் தொடாமலே கருகல் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

பவரைக் குறைத்தால் போதாதா?

ஓரளவு வரைக்கும்தான். கண்ணாடிக் குழாய் கொண்ட கார்பன் டை ஆக்சைடு லேசர்கள் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே நிலையாகச் சுடுவதில்லை. சில இடத்தில் சுடும், சில இடத்தில் விடும். சின்ன எழுத்தில் அப்படி ஒரு கொம்பு விட்டுப்போனால் சொல்லே மாறிவிடும்.

ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று பாருங்கள். வாட்டை, வேகமும் கோட்டு இடைவெளியும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 6 வாட், வினாடிக்கு 300 மி.மீ., இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 0.2 ஜூல். இடைவெளியை மட்டும் 0.05 ஆக்கினால், பவரும் வேகமும் மாறாமலே 0.4 ஜூல் ஆகிவிடும். ‘எழுத்து தெளிவாக வரட்டும்’ என்று டிபிஐயை (ஓர் அங்குலத்தில் விழும் கோடுகளின் எண்ணிக்கையை) கூட்டுகிறவர்கள் தெரியாமல் சூட்டை இரட்டிப்பாக்குவது இப்படித்தான். நான் கைவைக்கும் வரிசை: முதலில் கோட்டு இடைவெளி, பிறகு வேகம், கடைசியில்தான் பவர்.

அப்படியானால் டிபிஐ எவ்வளவு?

உங்கள் லேசர் புள்ளியின் அகலம்தான் அதைச் சொல்லும். கோடுகளுக்கு இடையிலான தூரம் அந்தப் புள்ளியின் விட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 0.1 மி.மீ. இடைவெளி என்பது 254 டிபிஐ. 0.08 என்றால் சுமார் 318. பெரும்பாலான கார்பன் டை ஆக்சைடு மெஷின்களில் 250 முதல் 320 வரை போதும். 600, 1000 என்று வைத்தால் ஒரே இடத்தை இரண்டு முதல் நான்கு முறை சுடுகிறீர்கள் என்றே பொருள். தெளிவு ஒரு துளியும் கூடாது. இருக்கும் புள்ளியைவிட நுணுக்கமாக எந்த மெஷினாலும் வரைய முடியாது.

வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாமா?

கூடாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணாடிக் குழாய் உடனே எரிந்து உடனே அணைவதில்லை. மிக வேகமாக ஓட்டினால் எழுத்தின் ஓரங்கள் மங்கும், மெல்லிய கோடுகள் வெளிறிப்போகும். ரேடியோ அலையால் இயங்கும் ஆர்எஃப் வகை உலோகக் குழாய்கள் இதில் சுறுசுறுப்பானவை, சின்ன எழுத்தை இன்னும் கூர்மையாகத் தரும். கண்ணாடிக் குழாயில் 2, 3 மி.மீ. எழுத்துக்கு வினாடிக்கு 200 முதல் 300 மி.மீ. வரை வைத்துப் பழகுவது என் பழக்கம்.

போகும்போதும் வரும்போதும் சுடும் முறையில், இரண்டு திசைக் கோடுகளும் ஒரு மயிரிழை விலகினால்கூடச் சின்ன எழுத்தின் ஓரம் ரம்பப் பல் போலத் தெரியும். அதற்கான திருத்த அமைப்பைச் சரிசெய்யுங்கள், அல்லது ஒரே திசையில் மட்டும் சுடச் சொல்லுங்கள். நேரம் இரண்டு மடங்காகும். ஆனால் அந்தக் கூடுதல் நேரமும் தோல் ஆறுவதற்கே உதவுகிறது.

எழுத்துக்கு இரு புறமும் தலை கூடுதலாகக் கொஞ்சம் ஓடும் ஓவர்ஸ்கேன் வசதியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தலை வேகம் குறைந்து திரும்பும் இடம் எழுத்தின் மேலேயே விழும். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் கறுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

லென்ஸும் ஃபோகஸும் அவ்வளவு முக்கியமா?

சின்ன எழுத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். 6 மி.மீ. அகலக் கற்றை 2 அங்குல லென்ஸ் வழியாக வந்தால், கணக்குப்படி புள்ளி 0.11 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். 1.5 அங்குல லென்ஸில் அது 0.09க்கும் கீழே போகும். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஆனாலும் விகிதம் மாறாது. நுணுக்கமான எழுத்தே உங்கள் பிழைப்பு என்றால் 1.5 அங்குல லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. குட்டை லென்ஸில் ஃபோகஸ் நிலைக்கும் ஆழம் மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் அளவுதான். தோல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாலும் புள்ளி விரியும். எழுத்தும் தடித்து, சுற்றி நிழல் விழும். ஆகவே தோலைத் தட்டையாக்குவது பாதி வேலை. முதல் நாள் இரவே கனமான பலகையின் கீழ் வைத்துவிடுங்கள். மெஷினில் நான்கு ஓரமும் அழுத்திப் பிடியுங்கள். எழுத்து விழும் அதே இடத்தில் ஃபோகஸ் பாருங்கள், ஓரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம்.

லென்ஸைத் துடைத்தீர்களா என்பதையும் கேட்டுவிடுகிறேன். தோல் எரியும்போது எழும் புகையில் கொழுப்பு உண்டு. அது லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டும். நேற்று நன்றாக வந்த செட்டிங் இன்று கருக்குகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது லென்ஸைத்தான்.

எந்தத் தோல் நல்லது?

வெஜ் டேன் என்று தொழிலில் சொல்லப்படும், மரப்பட்டைச் சாறுகளால் பதனிட்ட தோல்தான் சின்ன எழுத்துக்குச் சிறந்தது. வெளிர் நிறம், நெருக்கமான நார், லேசாகச் சுட்டாலே தெளிவான பழுப்பு. எழுத்து படிக்கும்படி இருக்க ஆழம் தேவையில்லை, நிறம் மாறினாலே போதும். கருகாமல் நிறுத்த வாய்ப்பு இந்தத் தோலில்தான் அதிகம்.

குரோம் பதனிட்ட தோலில் எழுத்து சாம்பல் நிறமாக, கொஞ்சம் மங்கலாக வரும். நிறமேற்றிய கறுப்புத் தோலில் இந்தச் சாம்பல் நிறம் அழகாகவே இருக்கும். ஆனால் குரோம் தோலை எரித்த சாம்பலில் நச்சுத்தன்மையுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் உருவாக வாய்ப்புண்டு. எக்ஸாஸ்ட் இல்லாமல் ஓட்டக் கூடாது. அந்தத் தூளை வாயால் ஊதவும் கூடாது.

எண்ணெய் அல்லது மெழுகு ஏற்றிய தோலில் சூடு பட்டதும் மெழுகு உருகி எழுத்தைச் சுற்றி ஊறும். அந்தக் கறை கருகல் போலவே தெரியும். எவ்வளவு செட்டிங் மாற்றினாலும் போகாது. ஸ்வேட் போன்ற மயிர்ப்பரப்புத் தோலில் 3 மி.மீ. எழுத்தை முயலவே வேண்டாம்.

ஒரே தோலிலும் முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தளர்வு. ஒரு துண்டில் சரியாக வந்தது அடுத்த துண்டில் கருகினால் இதையும் யோசியுங்கள்.

செயற்கைத் தோலில் செய்யலாமா?

பியு (பாலியூரித்தேன்) தோலில் குறைந்த பவரில் செய்யலாம். பிவிசி தோலில் ஒருபோதும் கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது உங்கள் நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் தண்டவாளங்களையும் கண்ணாடிகளையும் அரிக்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்த துண்டு எது என்று தெரியாவிட்டால், ஒரு செம்புக் கம்பியைத் தீயில் நன்றாகச் சூடாக்கி, அந்தத் தோலின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். சுவாலை பச்சையாகத் தெரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

தமிழ் எழுத்தை எவ்வளவு சிறிதாக்கலாம்?

எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி. ஆங்கில எழுத்து 2 மி.மீ. உயரத்தில் தெளிவாக வருகிறதே, தமிழ் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று பலர் நொந்துபோகிறார்கள். காரணம் எழுத்தின் உடலமைப்பு. ஞ, ணை, ஜ, ஷ, ஸ்ரீ போன்றவற்றில் சுழிக்குள் சுழி. அந்தச் சுழியின் உள்வெளி 0.3 மி.மீ. என்று வையுங்கள். புள்ளியின் விட்டம் 0.12 என்றால், இரு பக்கமும் பாதிப் பாதியாக அது உள்வெளியைத் தின்றுவிடும். மிச்சம் 0.18. இரு பக்கத்துச் சூடும் அந்த இடுக்கில் சந்தித்தால் அதுவும் பழுப்பாகி, சுழி ஒரு கரும்புள்ளியாகிவிடும்.

அதனால் முதலில் எழுத்துருவை மாற்றுங்கள். தடித்த எழுத்தைத் தவிருங்கள். எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் இருக்கும், சுழிகள் அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துரு வேண்டும். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் அச்சு எழுத்துருக்கள் இந்த அளவில் சரிப்படாது. மெல்லிய பகுதி காணாமல் போகும், தடித்த பகுதி கருகும். எழுத்துகளுக்கு இடையே வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள்.

அளவுக்கு வருவோம். க, ப, ட போன்ற எழுத்துகளின் உடல் உயரம் 2.5 மி.மீ. இருந்தால் 2 அங்குல லென்ஸிலேயே பெரும்பாலான பெயர்கள் தெளிவாக வரும். 2 மி.மீ. ஆனால் குட்டை லென்ஸும் பொறுமையும் வேண்டும். அதற்குக் கீழே, பெயரில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘கபிலா’ வரும் அளவில் ‘கிருஷ்ணஜோதி’ வராது. வாடிக்கையாளரிடம் இதை முன்பே காட்டிப் பேசிவிடுவது நல்லது.

லைட்பர்ன் போன்ற மென்பொருளில், புள்ளியின் அகலத்தைக் கணக்கில் எடுத்து ஒவ்வொரு கோட்டின் முனைகளையும் அதற்கேற்பச் சுருக்கும் அமைப்பு இருக்கிறது. சுழிகளைத் திறந்து வைப்பதில் அது மிகவும் உதவுகிறது. 0.05 மி.மீ.யில் தொடங்கிப் பாருங்கள்.

மென்பொருளில் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. என்ன செய்வது?

பல லேசர் மென்பொருள்களுக்கு ‘கெ’, ‘கை’, ‘கொ’ போன்றவற்றைச் சரியாகச் சேர்க்கத் தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, பிறகு கொண்டுவாருங்கள். மாற்றிய பின் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒன்றிணைக்கவும் வேண்டும். இல்லையென்றால் அவை குறுக்கிடும் இடம் வெள்ளையாக விடுபடும்.

நிரப்பாமல் ஒற்றைக் கோடாகவே எழுதினால்?

நல்ல வழி. பேனாவால் எழுதுவதுபோல லேசர் ஒருமுறை மட்டும் போகும். பக்கத்துக் கோட்டுச் சூடு என்ற தொல்லையே இல்லை. ஆனால் இதற்கு வேறு ஒரு வினை உண்டு. வளைவிலும் மூலையிலும் தலை வேகத்தைக் குறைக்கும். பவர் குறையாவிட்டால் அங்கெல்லாம் கரும்பொட்டு விழும். தமிழில் வளைவுக்கா பஞ்சம்!

ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரலில் ஓடும் மெஷின்களில் எம்3 கட்டளைக்குப் பதில் எம்4 பயன்படுத்துங்கள். வேகம் குறையும்போது பவரையும் அது தானாகக் குறைக்கும். குறைந்தபட்சப் பவர், அதிகபட்சப் பவர் என்று இரண்டு எண் கேட்கும் மெஷின்களில், குறைந்தபட்ச எண்ணைத் தோலில் நிறம் மாறத் தொடங்கும் அளவுக்கு இறக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனி அடுக்காகப் பிரித்து அதற்கு மட்டும் பவரைக் குறைப்பது என் வழக்கம். நின்று சுடும் இடம் அதுதான்.

தோலை நனைத்துவிட்டுச் செய்யலாமா? டேப் ஒட்டலாமா?

வெஜ் டேன் தோலுக்கு இலேசான ஈரம் நல்லது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஓரங்களுக்குப் பரவ வேண்டிய சூட்டை அந்த ஈரம் வாங்கிக்கொள்கிறது. பிழிந்த பஞ்சால் முழுத் துண்டையும் ஒரே சீராகத் துடைத்து, மேற்பரப்பின் மினுமினுப்பு மறையும் வரை காத்திருங்கள். எழுத்து விழும் இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்த பிறகு வட்டக் கறை நிற்கும். அளவுக்கு மீறி நனைக்கவும் வேண்டாம். ஈரமான தாவரப் பதனீட்டுத் தோல் 70 முதல் 85 டிகிரி சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் வந்தது. ஈரமான வெஜ் டேன் தோலை இரும்பின் மேல் வைத்தால், தோலில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து நீலக் கறுப்புக் கறையாகும். எழுத்து பிரமாதமாக வந்த ஒரு துண்டின் அடிப்பக்கம் முழுக்க, மெஷினில் தோலை வைக்கும் தேன்கூடு போன்ற இரும்புப் படுகையின் அச்சு விழுந்து, வேறொரு தோலை வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அடியில் ஒரு தாளை விரிக்காமல் வைப்பதில்லை. அழுத்தும் காந்தத்துக்கு அடியிலும் தாள் வேண்டும்.

மாஸ்கிங் டேப் புகைக்கறையைத் தடுக்கும். சூட்டைத் தடுக்காது. பெரிய எழுத்துக்கு அருமை. சின்ன எழுத்தில், சுழிக்குள் மாட்டிய அரை மில்லிமீட்டர்த் துணுக்குகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது சில தோல்களின் மேற்பூச்சும் உரியும். 3 மி.மீ.க்குக் கீழே நான் டேப் ஒட்டுவதில்லை, ஈரத்தையே நம்புகிறேன்.

லேசர் முனையில் ஊதும் காற்றை எவ்வளவு வைப்பது? எந்தப் பக்கம் இருந்து தொடங்குவது?

வெட்டும்போது வைப்பதுபோல் பலமாக வைத்தால், காற்று கரியைத் தோலின் துளைகளுக்குள்ளேயே அடித்து ஏற்றிவிடும். சுவாலை எழாமலும் லென்ஸில் புகை படியாமலும் இருக்கிற அளவுக்கு மெல்லிய காற்று போதும். புகையை இழுப்பது எக்ஸாஸ்ட்டின் வேலை. எக்ஸாஸ்ட் மெஷினின் பின்பக்கம் இருந்தால், முன்பக்கத்தில் இருந்து பின்பக்கமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். அப்போது பொறித்து முடித்த எழுத்தின் மேல் புகை போகாது.

எழுத்தைச் சுற்றி மஞ்சள் நிழல். புகையா, கருகலா?

வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேயுங்கள். குறைந்தால் புகை. அசையாவிட்டால் நாரே வெந்திருக்கிறது. புகை என்றால் காற்றையும் எக்ஸாஸ்ட்டையும் பாருங்கள். கருகல் என்றால் இடைவெளி, வேகம், ஃபோகஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான திருகைத் திருப்புவதில்தான் பலருக்கு நாள்கணக்கில் தோல் வீணாகிறது.

நீல டயோடு லேசரில் முடியுமா?

முடியும். அதன் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். வெளிர் தோல் இந்த ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒருமுறை பழுப்பான இடம் அதிகமாக உறிஞ்சும். அதனால் இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட மிக ஆழமாகக் கடிக்கும். ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பாருங்கள். பல டயோடு லேசர்களில் புள்ளி சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாக இருக்கும். எழுத்தை 90 டிகிரி திருப்பி வைத்து இரண்டில் எது கூர்மை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த சட்டத்தில் வரும் டயோடு மெஷின் என்றால், 450 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்காதீர்கள். எந்த லேசராக இருந்தாலும் ஓடும்போது விட்டுவிட்டு நகரக் கூடாது.

சோதனை எப்படிச் செய்வது?

அதே தோலின் கழிவுத் துண்டில், அதே அளவு எழுத்தில் செய்யுங்கள். சதுரக் கட்டங்களை நிரப்பிப் பார்க்கும் வழக்கமான சோதனை இதற்கு உதவாது. கட்டத்தில் அழகாக வந்த செட்டிங் சுழியில் கருகும். நான் ‘ஞாயிறு’ என்ற சொல்லை வைத்திருக்கிறேன். சுழி, கால், மேல்விலங்கு (‘யி’யின் மேல் வளைவு) எல்லாம் அதில் இருக்கின்றன. இடைவெளியையும் ஃபோகஸையும் நிலையாக வைத்து, வேகம் மூன்று, பவர் மூன்று என்று ஒன்பது முறை. சுழி திறந்திருப்பவற்றில் நிறம் ஆழமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்பதிலும் ஆக ஆழமானதை அல்ல.

பொறித்த பிறகு எப்படித் துடைப்பது?

முதலில் உலர்ந்த மென்மையான தூரிகை. ஈரத் துணியால் தொடங்கினால் கரி ஈரத்தோடு கலந்து சுற்றிலும் பரவும். தூரிகைக்குப் பிறகு, பசை குறைந்த டேப்பை ஒற்றி எடுத்தால் மிச்சத் தூள் வரும். கடைசியில் நன்றாகப் பிழிந்த துணி. ஆல்கஹால் நிறத்தையும் மேற்பூச்சையும் எடுத்துவிடக்கூடும், ஓரத்தில் சோதிக்காமல் வேண்டாம். எண்ணெயோ கண்டிஷனரோ கரி முழுக்கப் போன பிறகு, ஒருநாள் கழித்து.

ஏற்கெனவே கருகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

விரலால் தடவிப் பாருங்கள். மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், பூச்சில்லாத வெஜ் டேன் தோலில் 800 எண் உப்புத்தாளை எழுத்தைச் சுற்றி மிக மெதுவாக ஓட்டி நிழலைக் குறைக்கலாம். அல்லது முழுத் துண்டுக்கும் அடர்ந்த பழுப்புச் சாயம் ஏற்றினால் நிழல் அதில் மறையும், எழுத்து மட்டும் நிற்கும். தொட்டால் சொரசொரப்பாக நொறுங்கினால் அங்கே நாரே இல்லை. எண்ணெய் தடவினால் கறுப்பு இன்னும் பரவும். துண்டை மாற்றிவிட்டு, அந்தப் பழையதை அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே தோலில் அதைவிடப் பொருத்தமான கழிவுத் துண்டு கிடைக்காது.